உள்ளாட்சி விதிகளும் தொழில் நடத்தும் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "லைசென்ஸுக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான். அதற்குப் பதில் கட்டணப் பட்டியலில் ஒரே வரியில் இருக்கும். பட்டியலில் இல்லாத செலவுகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம். கடை நடத்துகிறவர்களும், நடத்த நினைப்பவர்களும், கடைக்கு இடம் விடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

உள்ளாட்சி விதிகள் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

நாட்டு அரசு போடும் சட்டங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் கடை வாசலுக்கு மிக அருகில் இருக்கும் நிர்வாகம் போடும் விதிகளைத்தான் சொல்கிறோம். இந்த இடத்தில் கடை வரலாமா, கட்டடம் எத்தனை மாடி இருக்கலாம், பெயர்ப்பலகை எவ்வளவு அகலம், இரவு எத்தனை மணிக்குக் கதவை இறக்க வேண்டும், குப்பையை எப்படிப் பிரிக்க வேண்டும், கழிவுநீர் எந்தக் குழாயில் போக வேண்டும், வண்டி நிறுத்த எத்தனை இடம் விட வேண்டும், நடைபாதையில் நாற்காலி போடலாமா என்பதெல்லாம் இதில் வரும்.

மேலிருந்து வரும் சட்டத்தையும் தரையில் அமல்படுத்துவது பெரும்பாலும் இவர்கள்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுக்க ஒன்றாக இருக்கலாம். உங்கள் சமையலறைக்குள் வந்து சுவரிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டுப் பார்ப்பவர் உள்ளூர் ஆய்வாளர். அதனால்தான் ஒரே சட்டம் இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகச் செலவு வைக்கிறது.

கட்டணம் ரொம்பக் குறைவுதானே? அப்புறம் ஏன் எல்லோரும் புலம்புகிறார்கள்?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான்.

ஒரு சின்ன உணவகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடம் பிடித்து முன்பணம் கொடுத்தாயிற்று. சமையலறையில் புகைபோக்கி மாட்டியாயிற்று. நல்ல சமையல்காரர் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறார்கள். அவர் வேறு எங்கும் போய்விடக் கூடாது என்று இப்போதே பாதிச் சம்பளம் ஓடுகிறது. தீத்தடுப்பு ஆய்வாளர் வருகிறார். பின்கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, நெரிசலில் ஆட்கள் வந்து மோதினால் திறக்க முடியாது, வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். சரியான பேச்சுதான். தச்சர் வந்து கீலை மாற்றிப் பூட்ட அரை நாள். கூலியும் பெரிய தொகை இல்லை.

கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு இப்போது பின்னாலுள்ள பொதுச் சந்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சந்து, சாலைப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே ஒரு விண்ணப்பம். அவர்கள் திருத்திய வரைபடம் கேட்கிறார்கள். வரைபடத்துக்குக் கட்டடப் பிரிவின் முத்திரை வேண்டும். முத்திரை வாங்கி வந்து மறு ஆய்வுக்குத் தேதி கேட்டால் மூன்று வாரம் கழித்துத்தான் இருக்கிறது. இதற்குள் இரண்டு மாத வாடகை போய்விட்டது. கதவை நிலையோடு சேர்த்து மூன்றடி உள்ளே தள்ளி வைத்திருந்தால் இரண்டு விதியும் திருப்தியாகியிருக்கும். முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அதற்கு ஒரு வாரம் போதும்.

இதில் கெட்டவர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் விதியைச் சரியாகத்தான் பார்த்தார்கள். இரண்டு விதிகள் ஒரே கதவில் முட்டிக்கொள்கின்றன என்று கவனிப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை.

இப்போது செலவைப் பிரித்துப் பாருங்கள். கவுன்ட்டரில் கட்டிய கட்டணம் ஒன்று. கீல், வரைபடம், தீயணைப்பான், கொழுப்பை வடிகட்டும் தொட்டி என்று விதிக்கு இணங்க வாங்கிப் போட்டவை இன்னொன்று. உரிமையாளர் கடை வேலையை விட்டுவிட்டு அலைந்த நாட்களுக்கும் விலை உண்டு. யாரும் அதை எழுதி வைப்பதில்லை. காத்திருக்கும் காலத்தில் ஓடும் வாடகை, வட்டி, சம்பளம் தனி. இதற்கெல்லாம் மேலே, அடுத்து என்ன சொல்வார்களோ என்று தெரியாததால் தொழிலில் போடாமல் ஒதுக்கி வைக்கும் பணம் இருக்கிறது. திறப்பதற்கு முன்பே மூடிப்போன கடைகளைப் பார்த்தால், பெரும்பாலும் கடைசி இரண்டும்தான் அவற்றைச் சாய்த்திருக்கும்.

இந்தக் காத்திருப்பை யாராவது முறையாக அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். மிகவும் பேசப்பட்டது 1983-ல் பெரு நாட்டில் நடந்த சோதனை. பொருளாதார அறிஞர் எர்னாண்டோ டி சோட்டோவின் ஆய்வு நிறுவனம் தலைநகர் லிமாவில் ஒரு சிறு ஆடைப் பட்டறையை அமைத்தது. அதைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். தெரிந்தவர் சிபாரிசு கூடாது. லஞ்சம் கொடுக்காமல் நகரவே முடியாது என்ற கட்டத்தில் மட்டும் கொடுக்கலாம். தினமும் ஆறு மணி நேரம் வரிசைகளில் நின்றும், படிவம் நிரப்பியும், அலுவலகங்களுக்குப் பேருந்தில் போய் வந்தும் வேலையை முடிக்க 289 நாட்கள் ஆயின. பத்து முறை லஞ்சம் கேட்டார்கள். இரண்டு முறை கொடுத்தே தீர வேண்டியிருந்தது. மொத்தச் செலவு, அந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைப் போல 30 மடங்குக்கும் மேல். அதில் பெரும்பங்கு, பட்டறை ஓடாமல் நின்ற மாதங்களில் இழந்த வருமானம். கட்டணம் அதில் சிறு துண்டுதான்.

இதே வழியில் உலக வங்கியும் 2003 முதல் ஒவ்வொரு நாட்டிலும் தொழில் தொடங்க எத்தனை நாள், எத்தனை படி என்று எண்ணி அறிக்கை வெளியிட்டு வந்தது. தரவுகளில் முறைகேடு நடந்தது தெரியவந்ததால் 2021 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். முறைகேடு இல்லாவிட்டாலும் அதில் ஒரு குறை இருந்தது. பெரும்பாலான நாடுகளுக்கு மிகப்பெரிய வணிக நகரம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நாடு முழுவதற்கும் எண் கொடுத்தார்கள். உள்ளாட்சி விதிகளைப் பொறுத்தவரை இது, வரவேற்பறையைப் பார்த்துவிட்டுச் சமையலறையும் சுத்தம் என்று சான்று கொடுப்பது போல.

விதி எல்லோருக்கும் ஒன்றுதானே? சிறு கடைகள் மட்டும் ஏன் அதிகம் அடிபடுகின்றன?

விதி ஒன்றாக இருப்பதால்தான். ஒரு விதிக்கு இணங்க வருடத்துக்கு 40 மணி நேரம் படிவ வேலை ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் வேலை செய்யும் கடையில் ஆளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. 300 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஆளுக்கு எட்டு நிமிடம். அந்தப் பெரிய நிறுவனத்தில் இதற்கென்றே ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். மூன்று பேர் கடையில் அதைச் செய்பவர் முதலாளி. இரவு கடையைச் சாத்திவிட்டு, கண் சொருகச் சொருக.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். கடுமையான விதி ஒன்று வரும்போது பெரிய நிறுவனங்கள் எதிர்க்காமல் இருப்பதும், சில சமயம் முன்னின்று ஆதரிப்பதும் வினோதம் இல்லை. தாங்கும் சக்தி தனக்கு இருக்கிறது, போட்டியாளருக்கு இல்லை என்றால் விதி ஒரு வேலியாகிவிடும். ஒழுங்குமுறையை அதற்குள் ஏற்கெனவே இருப்பவர்களே தமக்குச் சாதகமாக வளைத்துக்கொள்கிறார்கள் என்று 1971-லேயே ஜார்ஜ் ஸ்டிக்லர் எழுதினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அவர்.

பெரியவர்களுக்கும் தலைவலி உண்டு, வேறு வகையில். நாற்பது ஊர்களில் கிளை வைத்திருப்பவருக்கு நாற்பது விதமான பெயர்ப்பலகை அளவு, நாற்பது விதமான குப்பை விதி. அவர்களைக் கேட்டால் "எங்கும் ஒரே விதியாக இருந்தால் போதும், கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை" என்பார்கள்.

அப்படியானால் விதிகளையே எடுத்துவிட்டால் செலவு மிச்சம்தானே?

செலவு இடம் மாறும், மறைந்துபோகாது.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஷர்ட்வெயிஸ்ட் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வெளியேற வேண்டிய கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். கதவு பூட்டியிருந்ததால் அதன் முதலாளிகளுக்கு மிச்சமான பணம் எவ்வளவோ, அதன் விலையை இறந்தவர்களின் குடும்பங்கள் கொடுத்தன. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், பூட்டலாமா கூடாதா என்ற விதிகளைப் பார்த்து எரிச்சல் வரும்போது இதை ஒருமுறை நினைத்துக்கொள்வேன். 1666-ல் லண்டன் எரிந்தபின் அடுத்த ஆண்டே, புதிய வீடுகளின் வெளிச்சுவர் செங்கல்லிலோ கல்லிலோ இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மரத்தைவிடச் செங்கல் விலை அதிகம். அந்த வித்தியாசத்தை அதுவரை பக்கத்து வீட்டுக்காரர் தீயில் கட்டிக்கொண்டிருந்தார்.

விதி நல்ல வியாபாரிக்கு லாபம் கொடுப்பதும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 1998 முதல் உணவகங்கள் தங்கள் சுகாதார ஆய்வு முடிவை ஏ, பி, சி என்ற எழுத்தாக வாசலில் ஒட்ட வேண்டியதாயிற்று. ஆய்வு முன்பும் நடந்துகொண்டுதான் இருந்தது. முடிவுதான் கோப்புக்குள் தூங்கியது. வாசலுக்கு வந்ததும் சமையலறைகளின் மதிப்பெண்கள் ஏறின. சுத்தமாக நடத்துகிறவருக்குச் செலவு அதிகமாகவில்லை. அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த செலவுக்கு இப்போது பலன் கிடைத்தது.

ஆகவே ஒரு விதியைப் பார்த்தால் நான் கேட்பது இரண்டு கேள்வி. இந்தச் செலவை இதற்கு முன் யார் சுமந்தார்கள்? அதே பாதுகாப்பை இதைவிடக் குறைந்த அலைச்சலில் கொடுக்க முடியுமா? இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான உள்ளாட்சி விதிகள் தோற்கின்றன. விதியின் நோக்கத்தில் பிழை இருக்காது. அதை நடத்துகிற விதத்தில் இருக்கும்.

நிலப் பயன்பாட்டு விதிகள் ஒரு கடைக்காரரை எப்படிப் பாதிக்கும்?

மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக. ஆனால் அந்தச் செலவு 'விதி' என்ற பெயரில் வராது. 'வாடகை' என்ற பெயரில் வரும்.

இந்தப் பகுதி குடியிருப்புக்கு, அது கடைகளுக்கு, அப்பாலுள்ளது தொழிற்சாலைக்கு என்று ஊரைப் பிரிப்பது இன்று சாதாரணம். அமெரிக்காவில் நகரம் முழுவதற்குமான முதல் பிரிப்பை 1916-ல் நியூயார்க் செய்தது. பத்து ஆண்டு கழித்து, ஒஹாயோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சிற்றூர் இப்படிக் கோடு போட்டதை எதிர்த்து ஆம்ப்ளர் என்ற நில நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தொழிற்சாலைக்கு என்றால் ஏக்கர் 10,000 டாலர் பெறும் தங்கள் நிலம், குடியிருப்புக்கு மட்டும் என்று கோடு விழுந்ததும் 2,500 டாலருக்கு மேல் போகாது என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் ஊர் பக்கம் தீர்ப்பு சொன்னது. வரைபடத்தில் ஒரு பேனாக் கோடு நிலத்தின் மதிப்பை நாலில் ஒன்றாக்கும் என்பது அன்று வழக்கேட்டிலேயே பதிவாயிற்று.

கோட்டுக்கு எந்தப் பக்கம் கடை அனுமதி இருக்கிறதோ அந்தப் பக்கம் வாடகை ஏறும். கடைகளுக்கு ஒதுக்கிய பரப்பு குறைவாக இருந்தால் இன்னும் ஏறும். வாடகை ரசீதில் இந்த விவரம் எதுவும் இருக்காது.

வண்டி நிறுத்தும் இடத்துக்கான விதியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை. உணவகத்தின் ஒவ்வோர் ஆயிரம் சதுர அடிக்கும் பத்து கார் நிறுத்த இடம் வேண்டும் என்பது அமெரிக்க ஊர்கள் பலவற்றில் இருந்த விதி. வண்டி உள்ளே வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 300 சதுர அடி. ஆக, சாப்பிட ஆயிரம் சதுர அடி, கார் நிற்க மூவாயிரம் சதுர அடி! நடந்து வந்து சாப்பிடுகிறவரும் அந்த மூவாயிரத்துக்குச் சேர்த்துத்தான் பில் கட்டுகிறார். டொனால்ட் ஷூப் என்ற நகரத் திட்டப் பேராசிரியர் பல ஆண்டுகள் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். 2017-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரமும் மெக்சிகோ சிட்டியும் இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையை எடுத்துவிட்டன.

மண்டலப் பிரிப்பே இல்லாத பெரிய நகரம் என்று ஹூஸ்டனைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அங்கும் நிலப் பத்திரத்திலேயே எழுதி வைத்த கட்டுப்பாடுகள் உண்டு. நகரின் பெரும்பகுதியில் வண்டி நிறுத்த விதியும் உண்டு. ஒரு விதியை எடுத்தால் அந்த இடத்தை வேறு ஒன்று வந்து பிடித்துக்கொள்கிறது.

உரிமங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தால் என்ன ஆகும்?

உரிமமே சொத்தாகிவிடும். நியூயார்க் நகரம் 1937-ல் டாக்சிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. வண்டியின் முன்மூடியில் பதிக்கும் ஓர் உலோகத் தகடுதான் உரிமம். அன்று அதன் விலை 10 டாலர். 2014-ல் அதே தகடு 10 லட்சம் டாலரைத் தாண்டிக் கைமாறியது. காரின் விலை அதன் பக்கத்தில் தூசு. பிறகு செயலி வழியே வாடகைக் கார்கள் அந்த வரம்புக்கு வெளியிலிருந்து வந்தன. சில ஆண்டுகளில் தகட்டின் விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. கடன் வாங்கித் தகடு வாங்கிய ஓட்டுநர்கள் கடனோடு நின்றார்கள். வரம்பினால் பணம் பார்த்தவர்கள் அதற்கு முன்பே விற்றுவிட்டுப் போயிருந்தார்கள்.

அதே நகரில் தெருவோர உணவு வண்டிக்கான அனுமதிக்கு இரண்டு ஆண்டுக் கட்டணம் 200 டாலர்தான். ஆனால் 1980-களிலேயே எண்ணிக்கையை உறைய வைத்துவிட்டதால், அனுமதி வைத்திருப்பவரிடமிருந்து கள்ளச்சந்தையில் அதை வாடகைக்கு எடுக்க 20,000 டாலருக்கு மேல் போயிற்று. நகராட்சியின் கணக்கில் 200. வண்டிக்காரரின் கணக்கில் அதைப் போல நூறு மடங்கு. 2021-ல்தான் ஆண்டுதோறும் புதிய அனுமதிகள் சேர்க்க நகர மன்றம் சட்டம் போட்டது.

இந்தச் செலவையெல்லாம் கடைசியில் கட்டுவது யார்? வியாபாரி விலையில் ஏற்றிவிடுவார்தானே?

ஏற்ற முடிந்தால் ஏற்றுவார். முடியுமா என்பது, வாடிக்கையாளர் வேறு எங்கே போக முடியும் என்பதைப் பொறுத்தது. நாடு முழுவதும் ஒரே விதி என்றால் எல்லாக் கடையிலும் விலை ஏறும், வாடிக்கையாளர் கட்டுவார். உள்ளாட்சி விதியோ ஊர் எல்லையோடு முடிந்துவிடும். எல்லை தாண்டினால் பழைய விலை.

பிலடெல்பியா நகரம் 2017 ஜனவரியில் இனிப்புப் பானங்களுக்கு அவுன்சுக்கு ஒன்றரை சென்ட் வரி போட்டது. பெரிய கடைகளின் விற்பனையை ஆராய்ந்தவர்கள் நகருக்குள் 51 சதவீதம் குறைந்ததைக் கண்டார்கள். எல்லைக்கு வெளியே கூடிய விற்பனையைக் கழித்துப் பார்த்தால் உண்மையான குறைவு 38 சதவீதம். உடல்நல நோக்கில் அதுவே பெரிய வெற்றி. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் கடை வைத்திருந்தவருக்கு அந்த இரண்டு எண்களின் இடைவெளிதான் பிழைப்பு.

விலையில் ஏற்ற முடியாத கடைக்காரர் தன் லாபத்தில் கொஞ்சம் விடுவார், வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைப்பார். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகையையும் குறைத்துக் கேட்பார். கடைகள் காலியாகக் கிடக்கும் தெருவில் விதியின் சுமையில் ஒரு பகுதி இப்படிச் சத்தமில்லாமல் கட்டட உரிமையாளர் தலைக்குப் போய்விடும். கிராக்கியான தெருவில் அது நடக்காது.

ஒரு நகரம் மட்டும் தனியாகக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால்?

2014-ல் சியாட்டில் நகரம் மணிக்கு 15 டாலர் என்று சட்டம் போட்டது. ஒரே நாளில் அமலாக்கவில்லை. 500 பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருந்தவர்களுக்குக் குறுகிய காலம், சிறியவர்களுக்குப் பல ஆண்டு அவகாசம். ஒரே விதி சிறு கடைகளை அதிகம் அடிக்கும் என்று மேலே சொன்ன பிரச்சினையை அந்த நகரம் யோசித்திருக்கிறது என்பதற்கு இது அடையாளம். பலன் என்ன? 2017-ல் இரண்டு பல்கலைக்கழகக் குழுக்கள் சில நாள் இடைவெளியில் அறிக்கை கொடுத்தன. உணவகத் தொழிலைப் பார்த்த பெர்க்லி குழு வேலைவாய்ப்பில் பாதிப்பில்லை என்றது. எல்லாத் துறையையும் பார்த்த வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, குறைந்த கூலி வேலைகளில் கிடைக்கும் மணி நேரம் குறைந்துவிட்டது என்றது. யாராவது ஓர் அறிக்கையை மட்டும் காட்டி வாதம் செய்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

ஊரை மாற்றிவிட்டால்?

மேசையும் கணினியும் போதும் என்கிற தொழில் மாறலாம். ஜெர்மனியில் தொழில் வரியின் விகிதத்தை ஒவ்வோர் உள்ளாட்சியும் தானே வைத்துக்கொள்ளலாம். மியூனிக்கில் அது 17 சதவீதத்துக்கு மேல். மோன்ஹைம் என்ற சிறு நகரம் விகிதத்தை அதில் ஏறக்குறைய பாதிக்குக் குறைத்துப் பல நிறுவனங்களை இழுத்துக்கொண்டது. முடிதிருத்தகமோ உணவகமோ அப்படிப் போக முடியாது. வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில்தான் கடை. நகர முடியாதவர்தான் உள்ளாட்சி விதியின் முழு எடையையும் சுமக்கிறார்.

லஞ்சத்தை விதியின் செலவில் சேர்க்கலாமா?

சேர்க்காமல் என்ன செய்வது? ஆய்வாளர் தன் விருப்பப்படி முடிவெடுக்க இடம் இருக்கும் விதியில்தான் மாமூல் புகும். "போதுமான காற்றோட்டம்" என்று எழுதிய விதிக்கு ஒரு விலை உண்டு. "தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு ஜன்னல்" என்று எழுதிய விதிக்கு விலை குறைவு, ஏனென்றால் நாடாவை வைத்து யாரும் அளக்கலாம். கொடுக்கிறவர் கணக்கிலும் இது வெறும் பணமாக நிற்பதில்லை. ரசீது இல்லை, நாளை ஆள் மாறினால் மறுபடியும் முதலிலிருந்து.

எல்லா அனுமதிக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் ஒற்றைச் சாளர முறை உண்மையில் உதவுகிறதா?

சாளரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏழு பிரிவுகள் ஒவ்வொன்றும் பத்து நாள் எடுத்துக்கொள்கின்றன என்று வையுங்கள். கோப்பு ஒன்றன் பின் ஒன்றாகப் போனால் எழுபது நாள். ஏழு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தால் பத்து நாள். முகப்பில் ஒரே ஜன்னலைத் திறந்துவிட்டு, உள்ளே கோப்பை அதே பழைய வரிசையில் நகர்த்தினால் நமக்கு மிச்சமாவது பேருந்துக் கட்டணம் மட்டும்.

போர்ச்சுகல் 2005-ல் கொண்டுவந்த திட்டத்தில் ஒரே மேசையில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்துவிடலாம். நல்ல திட்டம். ஆனால் நிறுவனம் பிறப்பது வேறு, கடை திறப்பது வேறு. கதவும் புகைபோக்கியும் பதிவுப் பத்திரத்தில் வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு சேவைகள் நெறிமுறையில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு இருக்கிறது: குறித்த கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம். பொதுநலன் கருதி விலக்குகள் உண்டு. இருந்தாலும் தாமதத்தின் விலையை விண்ணப்பதாரர் தலையிலிருந்து அலுவலகத்தின் தலைக்கு மாற்றும் யோசனை அது. கெடு என்று ஒன்று இருந்தாலே போதும், வங்கிக் கடனைக்கூட அதற்கேற்பத் திட்டமிடலாம்.

இடம் பிடிக்கும் முன் என்ன கணக்குப் போட வேண்டும்?

கடை திறக்காமலே மாதம் எவ்வளவு ஓடும் என்று முதலில் எழுதுங்கள்: வாடகை, வட்டி, பேசி வைத்த ஆட்களின் சம்பளம், உங்கள் வீட்டுச் செலவு. அதை எத்தனை மாதம் காத்திருக்க வேண்டுமோ அத்தனையால் பெருக்குங்கள். அந்த எண்ணிக்கையை அலுவலகத்தில் கேட்காதீர்கள்; அதே தெருவில் கடைசியாகக் கடை திறந்தவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதோடு பாதியைக் கூட்டி வைத்துக்கொள்வது என் பழக்கம். கிடைக்கும் தொகை உரிமக் கட்டணத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்.

அப்புறம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த இடத்தில் முன்பு என்ன கடை இருந்தது என்று பாருங்கள். உணவகம் இருந்த இடத்தில் உணவகம் என்றால் பாதி வேலை குறையும். துணிக்கடை இருந்த இடம் என்றால் பயன்பாட்டு மாற்றம், புகைபோக்கி, கழிவுநீர் என்று எல்லாமே புதிதாகத் தொடங்கும். அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் முழு வாடகை என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் பாதி வாடகைக்காவது இறங்கி வரலாம். கையால் வரைந்த வரைபடமாக இருந்தாலும் சரி, எல்லாப் பிரிவுகளிடமும் வேலை தொடங்கும் முன்பே காட்டிவிடுங்கள். பின்கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் அதில் இருக்கட்டும்.

விதி அநியாயமாகத் தோன்றினால் யாரிடம் சொல்வது?

பெரும்பாலான ஊர்களில் இரண்டு வழி உண்டு. உங்கள் ஒரு கடைக்கு மட்டும் விலக்குக் கேட்பது ஒன்று. கட்டடத்தின் அமைப்பினாலேயே விதிக்கு இணங்க முடியாது என்று காட்ட முடிந்தால் கிடைக்க வாய்ப்புண்டு. விதியையே மாற்றக் கேட்பது இன்னொன்று. அதற்கு உகந்த நேரம், வரைவு வெளியாகிக் கருத்துக் கேட்கும் சில வாரங்கள். அந்த வாரங்களில் வியாபாரிகள் யாரும் வருவதில்லை. விதி வந்தபின் எல்லோரும் வருகிறார்கள்.

போகும்போது "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது" என்று சொன்னால் எழுதிக்கொள்ள அவர்களிடம் கட்டம் இல்லை. "விண்ணப்பம் கொடுத்த நாள் இது, அனுமதி வந்த நாள் இது, நடுவில் நான்கு அலுவலகம், மூன்று ஆய்வு, இரண்டு முறை வரைபடத் திருத்தம், அதுவரை கட்டிய வாடகை இவ்வளவு" என்று ஒரு தாளில் கொடுத்தால் கோப்பில் ஏறும். பத்துக் கடைக்காரர்கள் அப்படிப் பத்துத் தாள் கொடுத்தால், எந்த மேசையில் கோப்பு தங்குகிறது என்று அலுவலகத்துக்கே முதல்முறையாகத் தெரியவரும்.